'பிளான் பாஸ்' என்றால் போதுமா?

தொழிற்சாலையில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் வீடு என்றாலும் சட்டத்தின் முன் அதுவும் கட்டடம்தான். கொழும்பு கொம்பனித்தெருவில் எழுப்புவதானால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் பொருந்தும்; கட்டத் தொடங்குமுன் அனுமதி பெற வேண்டும்.

"பிளான் பாஸ்", அதாவது வரைபடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று கொந்தராத்துக்காரர் சொன்னால், அனுமதிப்பத்திரப் பிரதியை வாங்கி, கொழும்பு மாநகர சபைக்கு நேரில் போய்ச் சரிபாருங்கள். பெரிய தவணைகளை அனுமதி கிடைத்த பின்பே கொடுங்கள். கடைசித் தவணை, வேலை முடிந்தபின் தரப்படும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்; அந்தச் சான்றிதழ் இல்லாமல் குடிபுகுவது சட்டப்படி தவறு.

அனுமதி இல்லையென்று தெரிந்தால்? வேலையை அன்றே நிறுத்துங்கள். தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு புதிதாக விண்ணப்பியுங்கள். கொந்தராத்துக்காரருக்குக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். வாய்ப்பேச்சு வழக்குக்கு உதவாது.

அனுமதியற்ற கட்டடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம். கொந்தராத்துக்காரர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இடிபடுவது உரிமையாளரின் வீடு.