மண்ணும் பொறிப்பாரமும்

நிலத்தைக் காண்போர் அதனைத் திண்ணிய பொருள் என்றே எண்ணுவர். ஆயினும் நல்ல காட்டுமண்ணில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமே. மண்துகள்களுக்கு இடையே எண்ணிறந்த துளைகள் உள்ளன. அவற்றுள் சிறியவை நீரைத் தேக்கி வைக்கின்றன. பெரியவை மழைநீரை உள்ளே செலுத்திக் காற்றுக்கும் வழிவிடுகின்றன. வேரும் மூச்சுவிடுவது, அதற்கும் காற்று வேண்டும்.

முற்காலத்தில் வெட்டிய மரங்களை யானையும் எருதும் இழுத்தன. இன்று பெரிய மரத்தோட்டங்களில் மரம் அறுக்கும் பொறிகளும் தடிகளைச் சுமக்கும் வண்டிகளும் உலவுகின்றன. சுமையேற்றிய வண்டி முப்பது டன் எடை பெறுவதும் உண்டு. அதன்கீழ் முதலில் நசுங்குவன பெருந்துளைகளே. பின்னர் மழைநீர் உட்புகாமல் தேங்கும். அல்லது சக்கரத்தடத்தின் வழியே மண்ணை அரித்து ஓடும். இறுகிய மண்ணைத் துளைக்கமாட்டாத வேர் குட்டையாய்த் தடித்துப்போகும். வயலாயின் அடுத்த உழவில் கட்டி உடையும். மரத்தோட்டத்திலோ ஏர் புகுவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆழத்தில் ஏற்பட்ட இறுக்கம் அதுவரை மாறாது நிற்கும்.

இத்தீங்கு எல்லா மண்ணிலும் ஒரே அளவினதா? இதனை அறிய, ஐக்கிய அமெரிக்க நாட்டு வனத்துறையினர் 1989 ஆம் ஆண்டில் நெடுங்கால ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினர். நிலத்தைப் பகுதிகளாய்ப் பிரித்து, சிலவற்றை வேண்டுமென்றே இறுக்கி, சிலவற்றை வாளா விட்டு, கன்றுகளை நட்டு வளர்ச்சியை அளந்தனர். கலிபோர்னியாவில் மூவகை மண்ணில் வளர்ந்த பைன் மரங்களைப் பற்றிய முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. களிமண்ணில், இறுக்கிய பகுதியின் மரங்கள் குன்றின. மணலும் களியும் ஒத்துக் கலந்த மண்ணில் வேறுபாடு பெரிதாய்த் தோன்றவில்லை. மணற்பாங்கான மண்ணிலோ, இறுக்கிய பகுதியின் மரங்களே பருத்து வளர்ந்தன! மண் இறுகினால் தீமையே என்று பொதுப்பட உரைப்பார்க்கு இது வியப்பளிக்கும். மணலில் துளைகள் மிகப் பெரியன. நீர் நில்லாது வடிந்துவிடும். இறுக்கியபோது துளைகள் சிறுத்து நீரைப் பற்றிக்கொண்டன. கோடையில் மழை அரிதான அவ்விடத்தில் அந்நீர் கன்றுகளுக்குப் பெருந்துணையாயிற்று.

களிமண் நிலத்துக்கு இத்தகைய ஆறுதல் இல்லை. அங்கே கேட்டில் பெரும்பகுதி வண்டியின் முதற்சில ஓட்டங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே வண்டிகளை நிலமெங்கும் திரியவிடாமல், குறித்த சில தடங்களிலேயே செலுத்துகின்றனர். தடத்தின்மேல் வெட்டிய கிளைகளையும் தழைகளையும் மெத்தைபோலப் பரப்புகின்றனர். அகன்ற சக்கரங்களைப் பூட்டிக் காற்றழுத்தத்தைக் குறைப்பதும் உண்டு. யாவற்றினும் சிறந்தது, ஈரம் வடியும்வரை காத்திருத்தலே. பொறிக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது, தோட்ட உரிமையாளரின் மனம் அதற்கு எளிதில் இசைவதில்லை.