பட்டறைத் தரைக்கு எபாக்சி பூச்சு

புதிய கான்கிரீட் தரை மேலே உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். எபாக்சி பூச்சு பின்னால் உரிந்து வருவதற்கு இந்த ஈரம் ஒரு முக்கியக் காரணம். கான்கிரீட் போட்டுக் குறைந்தது 28 நாள் கழிந்தபின், ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் தரையோடு ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருப்பதே நல்லது.

அடுத்து, தரையைச் சொரசொரப்பாக்க வேண்டும். பலரும் அவசரப்படும் இடம் இது. பூச்சின் ஆயுளோ பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மேலே படிந்த சிமென்ட் பாலை கிரைண்டிங் மெஷினால் தேய்த்தெடுத்து, தூசியை வாக்குவம் கிளீனரால் முழுதும் உறிஞ்ச வேண்டும். தெளித்த நீர் முத்தாக நிற்காமல் உடனே உள்ளே இறங்கினால் தரை தயார். அந்த நீர் உலர்ந்தபின் பூசலாம்.

ரெசினும் ஹார்டனரும் கலந்த கலவை, வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்குள்ளேயே இறுகத் தொடங்கலாம். ஆகவே சிறிது சிறிதாகக் கலந்து, உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி ரோலரால் பூசி வர வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், கையுறை கட்டாயம். எண்ணெய் சிந்தும் இடத்தில் ஈரப்பூச்சின்மேல் குவார்ட்ஸ் மணல் தூவினால் வழுக்காது. மறுநாள் நடக்கலாம். வண்டியை ஏற்ற ஒரு வாரம் பொறுக்க வேண்டும். முழுதும் இறுகாத பூச்சைச் சூடான டயர் பிய்த்தெடுத்துவிடும்.