பூக்கிற மாதத்தைக் கேளுங்கள்

குடும்பம் மொத்தமும் சேர்ந்து ‘தீம் டூர்’ போகிற பழக்கம் நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. அறுபடை வீடு, நவக்கிரகம், குறிஞ்சிப் பூ, இப்போது கப்பல். முன்பணம் கட்டுகிறவர்கள் ரூம் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள். எதைப் பார்க்கப் போகிறோமோ அது அந்த மாதத்தில் அங்கே இருக்குமா என்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் நான் கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2018, நீலக்குறிஞ்சி பூக்கிற வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டதும் பட்டுப்போகிற செடி அது. 2006இல் பழனி மலை முழுக்கப் பூத்தபோது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அம்மாவால் போக முடியவில்லை. அடுத்த தடவை விடமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள். ஆகவே அது அம்மாவுக்கான பயணம். மற்ற எல்லோரும் அவளோடு போகிறவர்கள், அவ்வளவுதான். யாருக்காகப் போகிறோம் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பேசவே விடவில்லை.

அண்ணன் ஒரு டிராவல்ஸில் ‘குறிஞ்சி ஸ்பெஷல்’ என்று மே மாதத்துக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் நான் முன்பே போனில் கேட்டிருந்தேன். “ஆடி பிறக்கட்டும்மா, ஆவணியில வாங்க, மலை நீலமா இருக்கும்” என்றார். அதைச் சொன்னதற்கு அண்ணன், “பிள்ளைகளுக்கு லீவு மே மாசம்தான். வருஷம் பூரா குறிஞ்சி வருஷம்தானே” என்றார். “ரெண்டு பூகூடவா இருக்காது?” என்று அண்ணி. டிராவல்ஸ்காரரோ நிச்சயம் பூ இருக்கும் என்று அடித்துச் சொன்னார். மே மாதம் கொடைக்கானலில் சீசன். வண்டி நிறைந்தால் அவருக்குப் போதும்.

வத்தலக்குண்டு வழியாக ஏறினோம். மலைப்பாதையில் நெரிசல், சின்னவனுக்கு வாந்தி, ஏரியில் படகு எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். அம்மா அதையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை. “குறிஞ்சி எங்கே?” என்று கேட்டபடியே இருந்தாள். சாலையோரத்தில் ஜகரண்டா மரம் ஊதாவாகப் பூத்திருந்தது. வண்டிக்காரர் அதைக் காட்டி, “இதான் பாட்டி” என்றார். அம்மா கிராமத்துக்காரி, செடிக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அர்ச்சகரிடம் அவளே கேட்டுவிட்டாள். “இன்னும் மூணு மாசம் ஆகும்மா” என்றார். 1936இல் கட்டிய கோயில். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனி தெரியும். அன்றைக்கு அம்மா பழனிப் பக்கம்கூடத் திரும்பவில்லை, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆவணியில் நானே அவளை மறுபடியும் கூட்டிப்போனேன். கேரளத்தில் பெருவெள்ளம் வந்த சமயம். “இந்த மழையில மலைக்கா?” என்று வீட்டில் தடுத்தார்கள். மூணாறு போகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. நாங்கள் பழனி வழியாக ஏறி, பெருமாள்மலையில் பிரதான சாலையைப் பிடித்தோம். கோயிலைச் சுற்றியிருந்த சரிவில் பூத்திருந்தது. அம்மா செடி செடியாகத் தொட்டுப் பார்த்து, போன தடவை காட்டிய மரத்தைப் பற்றி ஒரு பாட்டம் திட்டியும் தீர்த்தாள். ஒரே இடத்துக்கு இரண்டு செலவு என்று அண்ணன் இன்றும் சொல்கிறார். மே மாதச் செலவு அவருடைய கணக்கு. ஆவணிச் செலவுக்கு நான் பொறுப்பு.

உங்கள் வீட்டிலும் முழங்கால் வலிக்கிற அம்மாவும் வாந்தியெடுக்கிற பிள்ளையும் முடிவெடுக்கிற அண்ணனும் இருப்பார்கள். பள்ளி விடுமுறைதான் முக்கியம் என்றால் மாதத்துக்குக் கட்டுப்படாத பொருளைத் தேர்ந்தெடுங்கள். பழனியிலும் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலிலும் போகர் செய்ததாகச் சொல்லப்படும் நவபாஷாணச் சிலைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு முருகன் பயணம் எந்த மாதத்திலும் போகலாம். பழனியில் 693 படி. ரோப்காரை வருடத்துக்கொரு முறை பராமரிப்புக்காக நிறுத்துவார்கள். அந்த நாட்களில் போனால் விஞ்ச்தான், வரிசை நீளம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிராவல்ஸ்காரர் எடுத்திருப்பார் என்று இருந்துவிடாமல் நீங்களே வாங்கிப் பாருங்கள். இடையில் ஏதாவது வருடம் ‘குறிஞ்சி பூத்தது’ என்று செய்தி வந்தால் எந்தக் குறிஞ்சி என்று கேளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நீலக்குறிஞ்சிக்கு அடுத்தது 2030.

இப்போது அண்ணனுக்குக் கப்பல் ஆசை வந்திருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா கப்பல் கிளம்பியதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். கச்சேரியும் விருந்துமாகக் கப்பலில் குடும்பமாகப் போகலாமாம், தீபாவளி விடுமுறையில். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகிற நேரம். புயல் வந்தால் தேதியை மாற்றுவார்களா, பணத்தைத் திருப்புவார்களா, அம்மாவுக்குக் கீழ்த் தளத்தில் அறை கிடைக்குமா, கச்சேரி எத்தனை மணிக்கு, ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுகிறவள் எப்படிக் கேட்பாள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவற்றுக்குப் பதில் வந்த பிறகுதான் என் பங்கு முன்பணம் போகும்.