வேடந்தாங்கல்: ஏரியும் பறவையும் உழவரும்

பறவைகள் பயிருக்குப் பகை என்னும் எண்ணம் நம் குடியானவர்களிடையே பரவலாக உண்டு. கதிர் முற்றும் காலத்தில் கிளியும் குருவியும் விளைவிக்கும் நஷ்டத்தைக் கண்டவர்கள் இவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், பறவையினங்கள் யாவும் தானியம் தின்பவையல்ல. நீர்ப்பறவைகளைக் காத்து, அவற்றால் தம் நிலத்துக்கு உரமும் பெற்றுவரும் கிராமம் ஒன்று செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் உள்ளது. அதுவே வேடந்தாங்கல். தாங்கல் என்பது அப்பகுதியில் சிறு பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். வேடர்கள் திரிந்த தாங்கல் இன்று பறவைகளின் புகலிடமாயிருப்பது கருதத்தக்கது.

செல்லும் வழி

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய பகுதிகளுக்கு ஏதேனும் அலுவலாக வரும் நிலச்சுவான்தார்கள் ஒரு நாள் ஒதுக்கினால் இவ்வூரைக் கண்டு திரும்பலாம். சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, தாம்பரம், செங்கற்பட்டு வழியாகத் தெற்கே சென்று, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் படாளத்தில் மேற்கே திரும்ப வேண்டும். தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்கள் சிறந்தவை. காலையிலும் மாலையிலும் பறவைகளின் போக்குவரத்து மிகுதியாயிருக்கும்.

ஏரியின் இயல்பு

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். அதனுள் நீர்க்கடம்பும் கருவேலும் நீரில் நின்றபடியே தழைத்துள்ளன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியன வந்து கூடு கட்டுகின்றன. மரத்தைச் சூழ்ந்த நீர் அகழிபோல் நின்று, தரைவழி வரும் பிராணிகளிடமிருந்து முட்டையையும் குஞ்சையும் காக்கிறது. ஆகவே, நீர் நில்லாத ஆண்டில் பறவைகள் தங்குவதில்லை. அண்மையிலுள்ள கரிக்கிலி ஏரியில் வாத்தினங்களை மிகுதியாகக் காணலாம்.

நீரில் கரையும் உரம்

இப்பறவைகள் இரை தேடுவது இவ்வேரியில் மாத்திரமன்று. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் நெல்வயல்களிலும் மீன், நத்தை, நண்டு, தவளை, பூச்சி இவற்றை உண்டு, கூட்டுக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. இதனால் பல கிராமங்களில் சிதறிக்கிடக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓரிடத்தில் வந்து சேருகின்றன. எச்சத்திலுள்ள தழைச்சத்துப் பொருள் நீரில் நுண்ணுயிர்களால் சிதைந்து, பயிர் ஏற்கக்கூடிய நிலையை அடைகிறது. மடை வழியே பாயும் அந்நீர் வயலுக்குத் தண்ணீராகவும் உரமாகவும் பயன்படுகிறது. பறவை எச்சத்தின் மதிப்பை அயல்நாட்டாரும் அறிவர். தென்னமெரிக்காவில் பெரு தேசத்தின் சிஞ்சா தீவுகளில் குவிந்திருந்த எச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றது. 1864-இல் ஸ்பெயின் அத்தீவுகளைக் கைப்பற்றிப் போருக்கும் வழிவகுத்தது. அங்கே வெட்டியெடுத்த செல்வம் தீர்ந்தது. இங்கோ ஆண்டுதோறும் புதிதாக வருகிறது.

நத்தைகுத்தி நாரை வயல்களிலுள்ள நத்தைகளைத் தேடியுண்பதும் குறிப்பிடத்தக்கது.

கிராமத்தார் காத்த விதம்

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இவ்வேரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் அதனைப் பொறாது அதிகாரிகளிடம் முறையிட்டனர் என்பர். 1798-இல், செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை பறவைகளைக் காக்க ஊராருக்குக் கௌல் அளித்தார். 1936-இல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளாயின. எனினும், சட்டம் வருமுன்னரே காத்தவர்கள் குடியானவர்களே. தீபாவளியிலும் வெடி வெடியாதிருக்கும் கட்டுப்பாடு அவர்களுடையது.

ஒரு கடினமான கேள்வி

நவரைப் பயிருக்கு நீர் வேண்டும் காலமும், குஞ்சுகள் பறக்கப் பழகாத காலமும் ஒன்றே. மடையை முழுதும் திறந்தால் மரத்தடி வறண்டு குஞ்சுகள் அழியும். மூடியே வைத்தால் பயிர் வாடும். ஏரியின் கொள்ளளவு குறையுந்தோறும் இச்சங்கடம் முற்றும். ஆதலால் பறவையா பயிரா என்று வாதிடுவதைவிட, வண்டலை அகற்றி வரத்துக்கால்களைச் செப்பனிடுவதே அறிவுடைமை.

ஏரியைக் கைவிட்டால் நேர்வதற்குச் சென்னையே சான்று. மயிலாப்பூருக்கு மேற்கே பரந்து கிடந்த நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராயநகர் உண்டாயிற்று. இன்று ‘லேக் வியூ’ என்னும் சாலைப் பெயரே எஞ்சியுள்ளது. மழைநீரைத் தாங்கி நிறுத்தும் ஏரிகள் குறைந்தால் வெள்ளம் கடிதில் ஊருக்குள் வரும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது அதன் இருமருங்கிலும் வாழ்ந்தோர் பட்ட துயரம் யாவரும் அறிந்ததே.

கவனிக்க வேண்டியவை

1. பறவை தங்கும் ஏரியின் நீர் பாயும் நிலத்தில் வழக்கமான அளவு யூரியா இடுதல் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாயும். குலைநோயும் பூச்சியும் பெருகும். மண்ணைப் பரிசோதித்தும், இலை வண்ண அட்டையைக் கொண்டு பார்த்தும் இடுக.

2. நத்தை, தவளை, மீன் இவற்றைக் கொல்லும் நஞ்சுகளை ஏரிக்கு அருகிலுள்ள வயல்களில் தெளித்தல் ஆகாது. இரை அழிந்தால் பறவை வாராது. பறவை வாராவிடில் எச்சமும் இல்லை.

3. வண்டல் எடுக்கும்போது நீரினுள் நிற்கும் மரங்களின் வேருக்கு ஊறு நேராதவாறு இடம்விட்டு எடுக்க வேண்டும். பட்டுப்போன மரத்துக்கு ஈடாக நீர்க்கடம்பு நடுக.

4. மடை திறக்கும் நாளையும் அளவையும் பாசனதாரர்கள் கூடி, கூடுகளின் நிலையறிந்து முன்கூட்டியே தீர்மானித்தல் நலம்.

5. வரத்துக்காலையும் ஏரிப் புறம்போக்கையும் ஆக்கிரமிப்பின்றிக் காப்பது கிராம அதிகாரிகளின் கடமை. 2017-இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்து, பழைய முறை இக்காலத்துக்கும் பொருந்துவதை உணர்த்துகிறது.

ஏரியும் மரமும் உள்ள எந்தக் கிராமமும் இதில் ஒரு பங்கேனும் செய்ய இயலும். வேடந்தாங்கலுக்குச் செல்வோர் பறவைகளைப் பார்ப்பதோடு நில்லாமல், கரையின் மறுபுறம் இறங்கி மடையையும், அதன்வழிப் பாயும் வயலையும் பார்த்து வருவார்களாக.