எலும்பு வார்டில் கொரோனா: அப்பாவின் பயத்துக்கு என்ன பதில்?

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், என் அம்மா (71) பாசி பிடித்த முற்றத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த டெஸ்டில் கொரோனா இல்லை. நான்காம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. மறுபடி பார்த்தபோது பாசிட்டிவ். அம்மா திரும்பி வரவில்லை. வீட்டிலேயே வைத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. இப்போது அப்பாவுக்கு (76) முட்டு தேய்ந்து, மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா உங்கம்மை போன வழிதான்" என்று மறுக்கிறார். வர்ம ஆசானிடம் கட்டு போட்டால் போதும் என்கிறான் அண்ணன். நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

- ஒரு வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, முதலில் அம்மாவைப் பற்றிப் பேசிவிடுவோம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தவறே இல்லை. இந்த வயதில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால், எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். கட்டு போட்டுக் காத்திருந்தால் அது கூடுவது அரிது. அப்படிப் படுத்தே கிடப்பவரை நுரையீரலில் சளி, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்யுங்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். பெருந்தொற்றுக் காலத்திலும் அது மாறவில்லை.

தொற்று எங்கிருந்து வந்தது? கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகலாம். பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள். சேர்ந்து முதல் இரண்டு நாட்களுக்குள் பாசிட்டிவ் என்றால் வெளியிலிருந்து வந்தது. மூன்று முதல் ஏழாம் நாள் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. எட்டு முதல் பதினான்கு வரை பெரும்பாலும் மருத்துவமனையில் தொற்றியது. பதினைந்தாம் நாளோ அதற்குப் பிறகோ என்றால் நிச்சயமாக மருத்துவமனைதான். ஒன்பதாம் நாள் என்பதால் அம்மாவுக்குப் பெரும்பாலும் உள்ளே இருந்தபோதுதான் தொற்றியிருக்க வேண்டும். ஆனால் அது இன்னாரிடமிருந்து வந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பாரத்தை உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

உலகமெங்கும் இதுதான் நடந்தது. 2020 தொடக்கத்தில் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், கொரோனா வந்த எலும்பு முறிவு நோயாளிகள் 10 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் 7 பேருக்கு மருத்துவமனையிலேயே தொற்றியதாகக் கணித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு 24 நாடுகளில், அறுவை சிகிச்சையை ஒட்டிக் கொரோனா வந்த 1,128 பேரை ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே, 2020 ஜூலையில், குமரி மாவட்டத்துக்காரர்களும் நாடிப் போகும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர்கள், நோயாளிகள், துணைக்கு நின்றவர்கள் எனப் பலருக்கும் தொற்று பரவியது.

எலும்பு வார்டுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. காய்ச்சல்காரர் எழுந்து நடப்பார். கால் முறிந்தவர் எதற்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். ஒரு பாட்டிக்கு பெட் பேன் வைப்பதைப் பாருங்கள். ஒருவர் இடுப்புக்கடியில் கை கொடுத்துத் தூக்க, இன்னொருவர் தோளைத் தாங்குவார். வலியில் பாட்டி மூச்சு வாங்க, மூன்று முகங்களுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. இப்படி நாளுக்குப் பல முறை. இதோடு எக்ஸ்ரே அறை, டிரெஸ்ஸிங், பிசியோதெரபி. பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கோ கணக்கே இல்லை. கிருமி கலந்த மூச்சு, மூடிய அறையில் பீடிப் புகை போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். படுத்திருப்பவர் விலகிப் போகவும் முடியாது.

வூஹானில் தொற்றுக்கு ஆளான எலும்பு அறுவை மருத்துவர்களிடம் விசாரித்தபோதும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் சுட்டிக்காட்டிய இடம் பொது வார்டு. ஆபரேஷன் தியேட்டரைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அதனால் அப்பா பயப்பட வேண்டியது அறுவை மேசையைப் பார்த்து அல்ல. வார்டில் வீணாகக் கிடக்கும் நாட்களைப் பார்த்துத்தான். அந்த நாட்களைக் குறைப்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது.

கொரோனா இன்றும் உண்டு. ஆனால் தடுப்பூசியாலும், முன்பு வந்துபோன தொற்றாலும் உடலுக்கு எதிர்ப்பு கிடைத்திருக்கிறது. 2021 நிலைமை இப்போது இல்லை. அம்மாவின் எலும்பு முறிவு அவசரம். அப்பாவின் முட்டு அப்படியல்ல. நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் தலைமுறைகளாக மக்கள் அவர்களிடம் போய் வருகிறார்கள். ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பு எண்ணெயாலும் கட்டாலும் வளராது. கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியவில்லை என்றால், எக்ஸ்ரே எடுக்கும் முன் யாரையும் தடவவோ இழுக்கவோ விடாதீர்கள்.

அப்பாவுக்கு நாள் குறிக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளை வெளிநோயாளியாகவே முடித்துவிடுங்கள். அதற்காக முன்கூட்டிப் போய்ப் படுக்க வேண்டாம். தடுப்பூசி பாக்கி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். கொரோனா வந்தால் அறுவைக்கு ஏழு வாரம் பொறுக்க வேண்டும் என்று 2021-இல் பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. இப்போது வயது, தடுப்பூசி, மூச்சின் நிலை பார்த்து அந்த இடைவெளியை மருத்துவர் குறைக்கலாம்.

3. துணைக்கு ஒரே ஆள் நிற்கட்டும். அவருக்குத் தும்மல் வந்தாலே ஆளை மாற்றுங்கள். வார்டில் என்95 முகக்கவசம் போடட்டும். நலம் விசாரிப்பவர்கள் வீட்டுக்கு வரட்டும்.

4. ஜன்னலோரக் கட்டில் கேளுங்கள். ஏசி அறைதான் பாதுகாப்பு என்பதில்லை. காற்று உள்ளே வந்து வெளியே போவதுதான் முக்கியம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி வளாகம் முன்பு காசநோய் ஆஸ்பத்திரி என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். காற்றோட்டத்தையே மருந்தாக நம்பி நடந்த சிகிச்சை அது. அந்தப் பாடம் இன்றும் செல்லும்.

5. அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து உட்காரவும், வாக்கர் பிடித்து நடக்கவும் வையுங்கள். பந்து ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை இழுக்கட்டும். மருத்துவர் அனுமதித்த அன்றே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

6. வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் கவனியுங்கள். காய்ச்சல், இருமல் வந்தால் உடனே டெஸ்ட் எடுங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முட்டு அறுவைக்குப் பின்னும் ரத்தக்கட்டி வரலாம், கொரோனாவிலும் வரலாம்.

சேர்க்கும் முன் மருத்துவமனையிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை நாள் தங்க வேண்டும்? இருமலோடு வரும் நோயாளியை எங்கே படுக்க வைப்பீர்கள்? காய்ச்சல் வந்த ஊழியருக்கு விடுப்பு உண்டா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்தில் அப்பாவைச் சேருங்கள். கேட்கத் தயங்காதீர்கள், பாதுகாப்பான வார்டு நோயாளியின் உரிமை.