கணிப்பொறி கண் விழிக்கவில்லையா?



விசைத்தறியில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடுகிறார். இரு முனைகளையும் பிடித்து முடிச்சிடுகிறார். தறி மீண்டும் ஓடுகிறது. சோமனூரில் வளரும் நமக்கு இது புதிய செய்தி அன்று. வீட்டுக் கணிப்பொறி ஒரு நாள் இயங்க மறுத்தால் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதுவே. அறுந்த இழையைக் கண்டறியும் வழியைப் படிப்படியாகக் காண்போம்.

விழிக்கும் வரிசை

கணிப்பொறி மூன்று கட்டங்களாக விழிக்கிறது. முதலாவது மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. இரண்டாவது தன்சோதனை. தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் சிறு நிரல், நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்துப் பார்க்கிறது. மூன்றாவது வன்தட்டு. அதிலுள்ள விண்டோஸ் போன்ற இயக்க நிரலைத் தேடியெடுத்து, பயாஸ் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. விளக்கும் இல்லை, ஓசையும் இல்லை

குறை மின்சார வழியில் இருக்கலாம். அதே பிளக்குத் துளையில் நன்றாக எரியும் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவர் வரை குறையில்லை. அடுத்து, யு.பி.எஸ். பெட்டியை விலக்கிக் கணிப்பொறியை நேரே சுவரில் இணையுங்கள். அப்போது இயங்கினால் யு.பி.எஸ். அல்லது அதன் பாட்டரி பழுதாகியிருக்கலாம். கணிப்பொறியின் பின்புறம் உள்ள சிறு சுவிட்சையும் பாருங்கள்; துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கக் கூடும்.

2011-ல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின், பல வீடுகளில் முதல் கணிப்பொறியே மடிக்கணினியாக அமைந்தது. அது விழிக்காவிடில் சார்ஜரைக் கழற்றி, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பின்பு சார்ஜரை இணைத்து மீண்டும் முயலுங்கள்.

2. விசிறி சுற்றுகிறது, திரை இருண்டிருக்கிறது

முதலில் திரையின் விளக்கையும் அதன் கம்பி இணைப்புகளையும் பாருங்கள். பிறகு காதைத் தீட்டிக் கேளுங்கள். 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி, தன்சோதனையில் குறையில்லையெனில் ஒரே ஒரு சிறு 'பீப்' ஒலி எழுப்பியது. பல கணிப்பொறிகள் இன்றும் குறையை ஒலியாலோ மினுக்கும் விளக்காலோ தெரிவிக்கின்றன. அதன் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகையால் எத்தனை ஒலி, நீண்டதா குறுகியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நினைவகப் பலகை தன் இடத்தில் சரியாகப் பொருந்தாமலிருப்பது அடிக்கடி காணப்படும் காரணம்.

தேதியும் மணியும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி தீர்ந்திருக்கலாம். இது சிறு செலவில் தீரும் குறை.

3. விழித்த சில நிமிடங்களில் அணைகிறது

நம் ஊருக்கு இது முக்கியம். தறிக்குடோனை அடுத்த வீடுகளில் பஞ்சுத் தூசு காற்றோடு உள்ளே வந்து, கணிப்பொறியின் விசிறியிலும் அதனடியில் உள்ள உலோகத் தகடுகளின் இடையிலும் மெத்தைபோல் படிகிறது. வெப்பம் வெளியேற வழியின்றிப் போகவே, செயலி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பிளக்கை அறவே பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவர் உடனிருக்க, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசை அகற்றலாம். ஈரத்துணி கூடாது. கணிப்பொறியைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைப்பதும் நல்லது.

4. எழுத்துகள் தோன்றி நின்றுவிடுகின்றன

இது மூன்றாம் கட்டம். 'பூட் டிவைஸ்' காணவில்லை என்னும் பொருளில் செய்தி வந்தால், செருகியிருக்கும் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். அதை வன்தட்டென்று எண்ணிக் கணிப்பொறி மயங்கியிருக்கலாம். திடீர் மின்தடையும் வன்தட்டில் எழுதப்படும் கோப்புகளைச் சிதைக்கக் கூடும். 2012-ல் கொங்கு நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை தொடர்ந்து வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப இயக்கினால் உள்ளிருப்பவை மேலும் அழியும். பழுது பார்ப்பவரிடம் முதலிலேயே, "ஐயா, உள்ளே இருக்கறத ஒரு பிரதி எடுத்துட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். தறிக் கூலிக் கணக்கு, அக்காளின் கல்லூரிக் கட்டுரை, மறைந்த பாட்டியின் படம் ஆகியவை அதில் இருக்கலாம். பழைய கணிப்பொறிக்குப் பதில் புதியது வாங்கலாம். பாட்டியின் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கணிப்பொறி நன்றாக இருக்கும்போதே வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைப்பதே அறிவுடைமை.

நினைவில் கொள்க

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக் கூடும். அது உயிருக்கே ஆபத்தாகும். கருகிய வாசனையோ புகையோ வந்தால் சுவிட்சை அணைத்து விலகி நில்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. செய்ததையும் கண்டதையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: "பொம்பளப் புள்ள, கரண்ட்டுப் பக்கம் போகாதே" என்று மகளைத் தடுத்துவிடாதீர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். "விளக்கு எரியுதுங்க, விசிறி சுத்துது, மூணு பீப் வருது, திரை மட்டும் இருட்டா இருக்குது" என்று பழுது பார்ப்பவரிடம் அவள் சொன்னால், அவருக்கு நேரம் மிச்சமாகும். உங்களுக்கு வீண்செலவு குறையும்.