நாலு பக்கம் அளந்தால் போதாதா?

அன்பு மருமகள் யாழினிக்கு,

நாற்கரத்தின் பரப்பளவைக் கேட்கும் கணக்குகளில் மூலைவிட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, நான்கு பக்கமும் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். சின்னக் கேள்விதான். ஆனால் இதைக் கேட்கத் தவறியதால் நிலம் அளந்தவர்கள் பல நூற்றாண்டு காலம் தப்பாக அளந்தார்கள். சில ஊர்களில் இன்றும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை செய்து பார். கெட்டி அட்டையில் 12 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள், 8 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டிக்கொள். முனைகளில் துளையிட்டு நூலால் தளர்வாகக் கோத்துச் செவ்வகமாக்கு. ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தள்ளினால் போதும், செவ்வகம் சாய்ந்துவிடும். பக்கம் எதுவும் நீளவுமில்லை, குறையவுமில்லை. உள்ளே இருக்கும் இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டால் பரப்பளவு பூச்சியம். ஆக, அதே நான்கு பக்கங்களுக்கு 96 சதுர செ.மீ. முதல் பூச்சியம் வரை எந்தப் பரப்பளவும் வரலாம்!

இப்போது மூன்று பட்டைகளை மட்டும் கோத்துப் பார். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. மூன்று பக்கங்கள் முடிவானால் முக்கோணம் முடிவாகிவிடும். உயரழுத்த மின்கோபுரங்களிலும் இரும்பு ரயில் பாலங்களிலும் குறுக்குச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக ஓடுவது இதனால்தான். நாற்கரத்துக்கு அந்த உறுதி கிடையாது. அதைப் பிடித்து நிறுத்த ஐந்தாவதாக ஒரு நீளம் வேண்டும். உன் புத்தகம் தரும் மூலைவிட்டம் அந்த ஐந்தாவது நீளம்.

சென்னைப் பக்கம் மனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுவார்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது 40-க்கு 60. ஒரு மனையின் நான்கு பக்கமும் டேப்பில் 40, 60, 40, 60 என்று அச்சடித்தாற்போல வருகிறது என்று வை. மூலை 90 பாகைக்குப் பதில் 80 பாகையாக இருந்தால் பரப்பளவு சுமார் 2364 சதுர அடிதான். ஆறுக்கு ஆறு குளியலறை கட்டும் அளவு இடம் காணாமல் போயிருக்கும்! பக்கங்களை எத்தனை முறை அளந்தாலும் இது பிடிபடாது. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு மூலைவிட்டம் சுமார் 66 அடியும் மற்றது ஏறக்குறைய 78 அடியுமாக இருக்கும். ஒழுங்கான செவ்வகமாக இருந்தால் இரண்டும் 72 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேலே, சமமாக வந்திருக்க வேண்டும்.

கொத்தனார்களுக்கு இது அன்றாட வேலை. அஸ்திவாரம் தோண்டும் முன் முளையடித்து நூல் கட்டும்போது கவனித்துப் பார். மூலை முளையிலிருந்து ஒரு நூலில் 3 அடியிலும் இன்னொரு நூலில் 4 அடியிலும் குறி வைப்பார்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. வராவிட்டால் முளையைப் பிடுங்கி நகர்த்தி அடிப்பார்கள். பெரிய மனையில் நல்ல மேஸ்திரி 3-4-5-ஐ நம்பி விடமாட்டார். அந்த 5 அடியில் கால் அங்குலம் பிசகினாலே 60 அடி நூலின் மறுமுனை அரை அடி விலகிப் போய்விடும். அதனால் 9-12-15 என்று பெரிதாக எடுத்துக்கொள்வார். கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்வார்.

மனைகளாவது பெரும்பாலும் செவ்வகமாக இருக்கும். வயல்கள் அப்படி இல்லை. மேற்கே 30 மீட்டர், தெற்கே 40, கிழக்கே 60, வடக்கே 50 என்று ஒரு நிலம் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவதுதான் ஊரில் பலருக்குத் தெரிந்த வழி. கிழக்கு, மேற்கு சராசரி 45. வடக்கு, தெற்கு சராசரியும் 45. பெருக்கினால் 2025 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்பதால் இது சரியாக 50 சென்ட், அரை ஏக்கர். பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிடலாம்.

அவசரப்படாதே. வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடித்தால் 50 மீட்டர் வருகிறது. இப்போது நிலம் இரண்டு முக்கோணம். ஒன்றின் பக்கங்கள் 30, 40, 50. செங்கோண முக்கோணம் என்பதால் பரப்பளவு 600. மற்றதன் பக்கங்கள் 50, 50, 60. இது இருசமபக்க முக்கோணம். உச்சியிலிருந்து 60 மீட்டர் பக்கத்தின் நடுவுக்குச் செங்குத்துக் கோடு போட்டால் அதன் நீளம் 40, பரப்பளவு 1200. கூட்டினால் 1800 சதுர மீட்டர், 44½ சென்ட். மீதி ஐந்தரை சென்ட் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. (படம் வரைந்து பார்த்தால் இந்த நிலம் ஒரு சரிவகம் என்று தெரியும். சரிவகத்தின் வாய்பாட்டைப் போட்டாலும் 1800 வருகிறதா என்று நீயே சரிபார்த்துக்கொள்.)

சராசரி முறை இப்படித் தப்பும்போதெல்லாம் கூடுதலாகவே காட்டும், ஒரு முறைகூடக் குறைத்துக் காட்டாது. காரணம் எளிது. இரண்டு பக்கங்களைக் கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால், அவற்றுக்கிடையே செங்கோணம் இருக்கும்போதுதான் பரப்பளவு மிகப் பெரிதாக வரும். கோணம் விரிந்தாலும் குறுகினாலும் பரப்பளவு குறையும். சராசரி முறையோ நான்கு மூலையும் செங்கோணம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் செவ்வகத்துக்குச் சரியாக வந்து, மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டிச் சொல்கிறது.

இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் ஹோரஸ் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருக்கிறது. அதன் சுவரில் கோயில் நிலங்களின் அளவுகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு இதே சராசரிக் கணக்குதான். நிலம் முக்கோணமாக இருந்தாலும் விடவில்லை, நான்காவது பக்கம் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு பெருக்கிவிட்டார்கள்! வரி வாங்குபவருக்கு இதைவிட வசதியான வாய்பாடு கிடைக்காது என்பது என் எண்ணம்.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலில் இந்தச் சராசரி முறையும் இருக்கிறது. ஆனால் அது தோராயமானது என்று சொல்லிவிட்டு, நுட்பமான வழி ஒன்றையும் தருகிறார். நான்கு பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கு, அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழி, வரும் நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. நம் நிலத்துக்குப் பாதி 90. கழித்தால் 60, 50, 30, 40. பெருக்கினால் 36 லட்சம், வர்க்கமூலம் சுமார் 1897. உண்மையான 1800-ஐ விட இதுவும் கூடுதல். ஏன்? நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரங்களுக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும். நம் நிலம் அப்படி அமையவில்லை. அந்த நான்கு பக்கங்களை வைத்துக்கொண்டு அடைக்கக்கூடிய மிகப் பெரிய இடம்தான் 1897.

ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரருக்கு இதில் பொறுமை போய்விட்டது. மூலைவிட்டத்தையோ செங்குத்துக் கோட்டையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பளவைக் கேட்பவன் ஒரு பிசாசு, அதற்கு விடை சொல்பவன் அவனைவிடப் பெரிய பிசாசு என்ற கருத்தில் திட்டியே எழுதிவிட்டார். கணித நூலில் இப்படிக் கோபம் வருவது அபூர்வம். அவர் பக்கம் நியாயம் இருப்பதால் மன்னித்துவிடலாம்.

சென்ட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று மனப்பாடம் செய்திருப்பாய். யார் இப்படி ஒரு கோணல் எண்ணை வைத்தார்கள் என்று எரிச்சலும் வந்திருக்கும். 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் நிலம் அளக்க 66 அடி நீளத்தில், 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 66-ஐ 66-ஆல் பெருக்கினால் ஒரு சதுரச் சங்கிலி, 4356 சதுர அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது ஒரு சதுரச் சங்கிலியில் பத்தில் ஒரு பங்கு, ஒரு சென்ட். சங்கிலி போய் டேப் வந்து, டேப்பும் போய் செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டது. எண் மட்டும் பத்திரங்களில் அப்படியே நிற்கிறது.

அளக்கும் கருவியிலும் ஒரு கண் இருக்கட்டும். பழைய துணி டேப் இழுபட்டு நூற்றுக்கு ஒன்று நீண்டிருந்தால் பரப்பளவில் பிழை நூற்றுக்கு இரண்டாகும், ஏனென்றால் நீளத்திலும் பிழை, அகலத்திலும் பிழை. 50 சென்ட் நிலத்தில் அது ஒரு சென்ட்.

வயலை டேப்பால் அளக்கலாம். நடுவே ஏரியும் காடும் மலையும் இருக்கும் ஒரு நாட்டை எப்படி அளப்பது? அங்கேயும் முக்கோணம்தான் கைகொடுத்தது, அதுவும் நம் சென்னையில் தொடங்கி. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் பக்கம் வரை போன அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 100 அடி எஃகுச் சங்கிலி ஒன்றை 400 முறை நீட்டி நீட்டி அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளுமே! அதனால் சங்கிலியை முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்து வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தினார்கள்.

இவ்வளவு பாடும் ஒரே ஒரு கோட்டுக்காக. அதற்குப் பிறகு சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிடும் அல்லவா? கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலை ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். மலைக்குள்ள தொலைவு கணக்கில் கிடைத்தது. அந்தத் தொலைவே அடுத்த முக்கோணத்தின் பக்கமாயிற்று. கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். தஞ்சைச் சமவெளியில் மலை ஏது? தென்னையும் பனையும் பார்வையை மறைக்க, கோயில் கோபுரங்கள் மேல் ஏறிப் பார்த்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, பாகை குறித்த அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தினார்.

கோணப் பிழை முக்கோணத்துக்கு முக்கோணம் சேர்ந்துகொண்டே போகும் என்ற பயம் இருந்தது. ஆகவே 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு நேர்கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்து, சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். 12 கிலோமீட்டரில் சில அங்குலங்களே வித்தியாசம்.

உன் புத்தகத்துக்கு மாறான ஒன்றும் இதில் உண்டு. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 என்று படித்திருக்கிறாய். தாளில் அது சரி. பூமி உருண்டை. பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தைத் தரையில் அளந்தால் கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டும். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஐந்தரைக் கூறு அதிகம், அவ்வளவுதான். அதையும் கணக்கில் சேர்த்தார்கள். இந்த முக்கோண வலை பின்னர் இமயமலை அடிவாரம் வரை நீண்டது. 1850-களில் அதை வைத்துத்தான் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி.

ஊருக்குப் போகும்போது தாத்தாவிடம் பட்டாவோடு புலப்படத்தையும் கேட்டு வாங்கிப் பார். எஃப்எம்பி என்றால் அவருக்குச் சட்டென்று புரியும். அதில் நிலத்தின் எல்லைக் கோடுகளோடு, உள்ளே குறுக்காகப் புள்ளிக்கோடும் அதிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்துக் கோடுகளும் இருக்கும். பாஸ்கரர் கேட்ட இரண்டும் அங்கே இருக்கின்றன.

அதற்குமுன் ஒரு கணக்கு. ஒரு நாற்கர நிலத்தின் குறுக்கே புள்ளிக்கோடு, நீளம் 80 மீட்டர். அதன் ஒரு முனையிலிருந்து 30 மீட்டரில் இடப்பக்கம் 25 மீட்டர் செங்குத்துக் கோடு ஒரு மூலையைத் தொடுகிறது. அதே முனையிலிருந்து 50 மீட்டரில் வலப்பக்கம் 30 மீட்டர் செங்குத்துக் கோடு மற்ற மூலையைத் தொடுகிறது. நிலத்தின் பரப்பளவு என்ன? தந்த ஐந்து எண்களில் இரண்டு, பரப்பளவு காணத் தேவையே இல்லை. எந்த இரண்டு என்று கண்டுபிடி. அந்த இரண்டையும் படத்திலிருந்து அழித்துவிட்டால், காணாமல் போன எல்லைக் கல்லைத் திரும்ப நட வரும் சர்வேயர் என்ன செய்வார் என்பதையும் யோசித்து எழுது.

அன்புடன்,
மாமா